சாதாரணக் கட்டி என்கிறார்கள், பரவியிருக்கிறது என்றும் சொல்கிறார்கள்

வயிற்று வலிக்காகவோ, சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்கவோ எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில்தான் பெரும்பாலும் இந்தக் கட்டி முதன்முதலாகக் கண்ணில் படும். சாம்பல் நிறத்தில் தெரியும் சிறுநீரகத்தின் ஓரத்தில், சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளைப் பொட்டு. ரிப்போர்ட்டில் 'ஆன்ஜியோமயோலைப்போமா' என்று நீளமாக ஒரு பெயர் இருக்கும். மருத்துவர் பார்த்துவிட்டு, "சாதாரணக் கட்டிதான், கேன்சர் இல்லை. ஒரு வருஷம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். மிகப் பெரும்பான்மையோருக்கு அதோடு கதை முடிந்துவிடும்.

முடியாமல் போகிற சிலரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதே ஆளுக்கு நிணநீர்க் கணுவிலோ, நுரையீரலிலோ, கல்லீரலிலோ இன்னொரு கட்டி தெரிகிறது. 'சாதாரணம்' என்று சொன்ன அதே வாய் இப்போது 'பரவியிருக்கலாம்' என்கிறது. இரண்டில் ஏதோ ஒன்று பொய் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டுமே உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு. இந்தக் கட்டியைப் பொறுத்தவரை 'பரவல்' என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு சங்கதிகளுக்குப் பயன்படுத்துகிறோம். அவற்றில் ஒன்றுதான் புற்றுநோய்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்த நீளப் பெயரை மருத்துவர்கள் ஏ.எம்.எல். என்று சுருக்கி எழுதுவார்கள். அதே மூன்றெழுத்தில் ரத்தப் புற்றுநோய் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரிப்போர்ட்டில் கண்ட மூன்றெழுத்தை இணையத்தில் தட்டிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்கள் உண்டு. முழுப் பெயரையே தேடுங்கள்.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் கட்டியின் உள்ளடக்கம் தெரிந்துவிடும். ஆன்ஜியோ என்றால் ரத்தக்குழாய், மயோ என்றால் தசை, லைப்போமா என்றால் கொழுப்புக் கட்டி. மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு இது எந்தக் காரணமும் இல்லாமல் தானாக வருகிறது. அவர்களில் நடுவயதுப் பெண்களே அதிகம். மீதிப் பேருக்குப் பின்னணியில் ட்யூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கும். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் போர்ன்வில் விவரித்த நோய் அது. மூளை, தோல், இதயம், சிறுநீரகம் எனப் பல இடங்களில் கட்டிகள் முளைக்கும். அந்த நோய் உள்ளவர்களுக்குச் சிறுநீரகக் கட்டி ஒன்றோடு நிற்காது. இரண்டு பக்கமும் கொத்துக்கொத்தாக இருக்கும்.

கட்டியில் இருக்கும் கொழுப்புதான் நோயாளிக்குப் பெரிய உதவி. சி.டி. ஸ்கேன் திரையில் கதிரியக்க மருத்துவர் கட்டியின் மேல் ஒரு சின்ன வட்டம் வரைவார். உடனே பக்கத்தில் ஓர் எண் வரும். தண்ணீருக்கு அந்த எண் பூஜ்யம். தசை, ரத்தம் போன்றவை பூஜ்யத்துக்கு மேலே இருக்கும். கொழுப்பு மட்டும் கீழே இறங்கும்: மைனஸ் 20, மைனஸ் 60, மைனஸ் 100. சிறுநீரகப் புற்றுநோயில் கொழுப்பு இருப்பது அபூர்வம். ஆகவே வட்டத்துக்குள் மைனஸ் கணக்கு வந்துவிட்டால் பயாப்ஸிகூட இல்லாமல் 'ஆன்ஜியோமயோலைப்போமா' என்று சொல்லிவிட முடிகிறது. ஊசி குத்தாமல், கத்தி வைக்காமல் பெயர் சொல்லிவிடக்கூடிய கட்டிகள் உடம்பில் அதிகம் இல்லை.

இந்த வசதிக்குள் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாதாரணம் என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. வழக்கமான வகையின் ஆபத்து பரவலில் இல்லை, ரத்தக்கசிவில் இருக்கிறது. கட்டிக்குள் ஓடும் குழாய்கள் ஒழுங்காக அமைந்தவை அல்ல; சுவரில் மீள்தன்மை தரும் இழை குறைந்து, அங்கங்கே பலூன்போல் புடைத்திருக்கும். ஒரு நாள் அது வெடித்தால் விலாவுக்குக் கீழே திடீரென்று பிடுங்கும் வலி, கை வைத்தால் தட்டுப்படும் வீக்கம், சரிகிற ரத்த அழுத்தம். சிறுநீரகத்தைச் சுற்றித் தானாக நிகழும் இந்த ரத்தக்கசிவை 1856இல் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிஷ். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். உடல் வெப்பநிலைக்கு 37 டிகிரி என்ற கணக்கை நிலைநாட்டியவரும் இவரே.

கட்டி 4 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனி என்ற விதி 1986இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து புழக்கத்துக்கு வந்தது. இப்போது அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து யாரும் கத்தியை எடுப்பதில்லை. உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்ப் புடைப்பு 5 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா, கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது, நோயாளி கருத்தரிக்கத் திட்டமிடுகிறாரா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவசரம் என்றால் தொடைப் பக்கமிருந்து மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிடுவார்கள். சிறுநீரகம் தப்பித்துவிடும்.

பரவாமலே பரவியதுபோல் தெரிவது

முதல் வகைப் 'பரவல்' உண்மையில் பரவலே அல்ல. சிறுநீரகத்தில் கட்டி, பக்கத்து நிணநீர்க் கணுவிலும் அதே திசு. வேறு எந்தக் கட்டியாக இருந்தாலும் 'கணுவுக்குப் போய்விட்டது' என்று நிலை எண்ணைக் கூட்டி எழுதிவிடுவார்கள். இங்கே அப்படி எழுதினால் தவறு. வழக்கமான மூன்று திசுக் கட்டியில் கணு சம்பந்தப்பட்டிருந்தும் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்துப் பார்த்தபோது அவர்களுக்கு எதுவும் மோசமாகவில்லை. அதனால் ஒரே விதமான கட்டி இரண்டு இடத்தில் தனித்தனியாக முளைத்திருக்கிறது என்று இதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே மழைக்கு வாசலிலும் முளைக்கும், கொல்லையிலும் முளைக்கும். வாசல் காளான் நடந்து கொல்லைக்குப் போகவில்லை.

ட்யூபரஸ் ஸ்கிளெரோசிஸ் உள்ளவர்களின் கல்லீரலில் தெரியும் கொழுப்புக் கட்டிகளும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். உடம்பின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுப் பழுது இருக்கும்போது, இரண்டு உறுப்பில் ஒரே மாதிரிக் கட்டி வருவதில் வியப்பில்லை. பின்னணி நோயைக் கவனிக்காமல் ஸ்கேனை மட்டும் பார்ப்பவருக்குத்தான் அது பரவிய கேன்சர்போல் தெரியும்.

பயணம் போகிறது, ஆனால் புற்றுநோய் இல்லை

இரண்டாவது வகையில் செல்கள் நிஜமாகவே இடம் பெயர்கின்றன. எனக்கு இந்தக் கட்டியின் கதையில் மிகவும் பிடித்த, மிகவும் தொந்தரவு செய்கிற பகுதி இதுதான்.

சில சமயம் கட்டி சிறுநீரக நரம்புக்குள், அதாவது சிரைக்குள், நுழைந்து வளரும். அங்கிருந்து பெருஞ்சிரைக்குள் நீண்டு, இதயத்தின் வலது மேலறை வரை போனதும் உண்டு. சி.டி.யில் ரத்தம் ஓட வேண்டிய குழாய்க்குள் கொழுப்பு நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும். துண்டு உடைந்தால் நுரையீரலில் போய் அடைக்கும், அது உயிருக்கே ஆபத்து. ஆகவே அறுவை சிகிச்சை அவசியம். ஆனாலும் எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் அதே சாதுவான மூன்று திசு. ரத்தக்குழாய்க்குள் புகுந்தது என்பதாலேயே ஒன்று புற்றுநோயாகிவிடாது என்பதை மருத்துவ மாணவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

இதைவிட விசித்திரமானது லிம்ஃபான்ஜியோலியோமயோமடோசிஸ் என்ற நுரையீரல் நோய். எல்.ஏ.எம். என்பார்கள். கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே, அதிலும் கருவுறும் வயதில், வரும். நுரையீரல் முழுக்கச் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் உருவாகும்; மூச்சு வாங்கும்; பை வெடித்தால் நுரையீரல் சுருங்கிவிடும். இந்தப் பெண்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகத்தில் ஆன்ஜியோமயோலைப்போமாவும் இருக்கும். இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வந்தவை என்றுதான் முதலில் கருதினார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மரபு வழி நோய் இல்லாத சில பெண்களின் சிறுநீரகக் கட்டியையும் நுரையீரல் திசுவையும் எடுத்து, ட்யூபரஸ் ஸ்கிளெரோசிஸில் பழுதாகும் டி.எஸ்.சி.2 என்ற மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை. அதே பெண்களின் சாதாரணச் செல்களில் அந்தப் பிழை இல்லை. ஒரே எழுத்துப்பிழை இரண்டு விடைத்தாளில் இருந்தால் ஆசிரியருக்கு என்ன தோன்றும்? ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டிருக்கிறது என்றுதானே. சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவே செல்கள் போக்குவரத்து செய்திருக்கின்றன, அல்லது இரண்டும் வேறு ஏதோ ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

அடுத்த சாட்சி இன்னும் நேரடியானது. நோய் முற்றிய பெண்களுக்கு வேறொருவரின் நுரையீரலைப் பொருத்தினார்கள். சில ஆண்டுகளில், முற்றிலும் ஆரோக்கியமாக வந்த அந்தப் புது நுரையீரலிலும் எல்.ஏ.எம். தலைகாட்டியது. அங்கே இருந்த நோய்ச் செல்களின் மரபணுவைச் சோதித்தால் அவை நுரையீரல் கொடுத்தவருடையவை அல்ல, பெற்றவருடையவை. உடம்பின் வேறெங்கோ தங்கியிருந்து புது உறுப்பைத் தேடி வந்து குடியேறியிருக்கின்றன. இந்த நோயாளிகளின் ரத்தத்திலும் நிணநீரிலும் சிறுநீரிலும்கூட இதே செல்கள் பிடிபட்டிருக்கின்றன.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தச் செல்கள் பரம சாது. வேகமாகப் பிரிவதில்லை, அசிங்கமான உருவம் இல்லை. ஆனால் பயணம் செய்கின்றன, போன இடத்தில் வேலையும் காட்டுகின்றன. 'சாதாரணக் கட்டி பரவாது, புற்றுநோய் பரவும்' என்று பள்ளிப் பாடத்தில் போட்ட கோடு இந்த இடத்தில் அழிந்துவிடுகிறது.

பரவுகிற வகை

மூன்றாவதுதான் எல்லோரும் பயப்படுவது. இதற்குப் பெயர் எபிதீலியாய்டு ஆன்ஜியோமயோலைப்போமா. 'எபிதீலியாய்டு' என்ற ஒரு முன்னொட்டுதான் வித்தியாசம். ஆனால் எல்லா வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது. இதில் கொழுப்பு மிகக் குறைவு, சில சமயம் அறவே இருக்காது. உருக்குலைந்த ரத்தக்குழாயும் தேடித்தான் பார்க்க வேண்டும். கட்டி முழுக்கப் பெரிய, பருத்த செல்கள். சிலவற்றில் இரண்டு மூன்று உட்கருக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2004ஆம் ஆண்டு வகைப்பாடு இதைத் தனியாகப் பிரித்து, புற்றுநோயாகக்கூடிய தன்மை உள்ளது என்று வைத்தது. 2016 பதிப்பு, குறைந்தது 80 சதவீதம் இத்தகைய செல்கள் இருந்தால்தான் இந்தப் பெயர் என்று வரையறுத்தது.

முன்பு சொன்ன கண்ணி இதுதான். ஸ்கேனில் நம்மைக் காப்பாற்றுவது கொழுப்பு. பரவக்கூடிய வகையிலோ கொழுப்பு இல்லை. ஆகவே மைனஸ் எண் வந்த கட்டிக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. மைனஸ் எண் வராத கட்டி சாதாரணச் சிறுநீரகப் புற்றுநோய்போலவே திரையில் தெரியும். பெரும்பாலும் கேன்சர் என்ற சந்தேகத்தில் அறுவை செய்து எடுத்த பிறகுதான் உண்மைப் பெயர் தெரியவருகிறது. எடுத்த பிறகும் எளிதில் தெரிந்துவிடுவதில்லை. கண்ணாடித் தகட்டில் பார்க்கும்போதும் இது சிறுநீரகப் புற்றுநோய்போலவே ஏமாற்றும்.

அங்கே கைகொடுப்பது ஒரு சாயம். எச்.எம்.பி.-45 என்று பெயர். மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அடையாளம் காண உருவாக்கியது. அந்தச் சாயத்தை இந்தச் சிறுநீரகக் கட்டியின் மேல் ஊற்றினால் செல்கள் பழுப்பு நிறத்தில் பளிச்சிடுகின்றன. வழக்கமான சிறுநீரகப் புற்றுநோயில் பிடிக்கும் கெராட்டின் சாயமோ இதில் ஒட்டுவதில்லை. தோலின் நிறமிச் செல்லுக்கும் சிறுநீரகக் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? ரத்தக்குழாயைச் சுற்றி அமர்ந்து, தசைச் செல்லின் குணமும் நிறமிச் செல்லின் குணமும் கலந்து காட்டும் ஒரு தனிச் செல் வகை இருக்கிறது என்று 1990களில் இத்தாலிய நோயியல் வல்லுநர்கள் முன்வைத்தார்கள். அந்தக் குடும்பக் கட்டிகளுக்கு 'பெக்கோமா' என்று பெயர். சிறுநீரகத்தின் ஆன்ஜியோமயோலைப்போமா, நுரையீரலின் எல்.ஏ.எம்., கருப்பையிலும் குடலிலும் அபூர்வமாக வரும் சில கட்டிகள் எல்லாம் அதில் சேரும். வேடிக்கை என்னவென்றால், அந்த மூலச் செல்லை ஆரோக்கியமான உடம்பில் இதுவரை யாரும் கண்டதில்லை. கட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

எபிதீலியாய்டு என்றதுமே கேன்சர் என்று முடிவு கட்டவும் கூடாது. தொடக்கத்தில் வந்த அறிக்கைகளைத் தொகுத்தால் மூன்றில் ஒரு பங்கு பரவியதாகத் தெரிந்தது. ஆனால் அவை பெரும்பாலும் சிக்கலாகி, பெரிய நிபுணர்களின் கருத்துக்கு அனுப்பப்பட்டவை. சிக்கலானவற்றை மட்டும் சல்லடையில் நிறுத்திவிட்டு எண்ணினால் கணக்கு அப்படித்தான் வரும். ஒரு மருத்துவமனையில் எடுத்த எல்லா ஆன்ஜியோமயோலைப்போமாவையும் மறுபடி பார்த்த பிந்தைய ஆய்வுகளில் இந்த விகிதம் வெகுவாக இறங்கி, இருபதில் ஒன்று என்ற அளவுக்கும் வந்தது. பயமுறுத்தும் முதல் எண்தான் இன்னமும் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது என்பது வருத்தம்.

எது பரவும், எது அடங்கிக் கிடக்கும் என்று பிரிக்க 2010இல் ஓர் ஆய்வுக் குழு நான்கு அடையாளங்களைச் சொன்னது: உருக்குலைந்த எபிதீலியாய்டு செல்கள் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பது, நுண்ணோக்கியின் 10 பார்வைப் பரப்பில் இரண்டோ அதற்கு மேலோ செல்பிரிவுகள், அந்தப் பிரிவுகளே கோணலாக இருப்பது, திசு செத்துப்போன திட்டுகள். மூன்றோ நான்கோ இருந்தால் எச்சரிக்கை. அடுத்த ஆண்டே இன்னொரு குழு வேறு பட்டியலை வைத்தது: 7 சென்டிமீட்டருக்கு மேல் அளவு, சிறுநீரகத்துக்கு வெளியே அல்லது சிரைக்குள் நீட்டம், புற்றுநோய்போன்ற செல் அடுக்கு, திசு அழுகல், ட்யூபரஸ் ஸ்கிளெரோசிஸ் தொடர்பு. இரண்டு பட்டியலும் சில பத்து நோயாளிகளை வைத்துப் போட்டவை. இவ்வளவு அபூர்வமான நோயில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இங்கே சிரை நீட்டம் மறுபடியும் வருவதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமான கட்டியில் மன்னிக்கப்படும் அதே செயல் எபிதீலியாய்டு வகையில் குற்றமாகிவிடுகிறது. 'ரத்தக்குழாய்க்குள் போயிருக்கிறது' என்ற வரியை மட்டும் படித்துவிட்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. எந்த வகைக் கட்டி என்பது தெரிந்தால்தான் அந்த வரிக்கு அர்த்தம்.

உண்மையில் பரவும்போது இது போகும் இடங்கள் பெரும்பாலும் கல்லீரல், நுரையீரல், வயிற்று உறை, நிணநீர்க் கணு, எலும்பு. சில மாதங்களிலும் வரலாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துப் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

சிகிச்சையில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது, அது ஒரு தீவின் மண்ணிலிருந்து வந்தது. டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 மரபணுக்கள் செல்லுக்குள் எம்டார் என்ற வளர்ச்சி இயந்திரத்துக்கு பிரேக் பிடிப்பவை. பிரேக் அறுந்தால் வண்டி நிற்காது, கட்டி வளர்கிறது. அந்த எம்டாரைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது. 1964இல் ஈஸ்டர் தீவில் ஒரு கனடியக் குழு சேகரித்த மண்ணில் இருந்த பாக்டீரியா தந்த பொருள் அது. தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி என்பதால் ராப்பாமைசின் என்று பெயர் வைத்தார்கள். இன்று சிரோலிமஸ் என்றும் சொல்கிறோம். முதலில் பூஞ்சைக்கு எதிராகப் பார்த்தார்கள், பிறகு மாற்று உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கப் பயன்பட்டது, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தது.

அதன் உறவுக்கார மருந்தான எவரோலிமஸை ட்யூபரஸ் ஸ்கிளெரோசிஸ் அல்லது எல்.ஏ.எம். உள்ள 118 பேரிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதத்தினருக்குச் சிறுநீரகக் கட்டியின் கொள்ளளவு பாதியாகவோ அதற்குக் கீழேயோ சுருங்கியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி நடக்கவில்லை. 2012இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. மருந்தை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரத் தொடங்கும் என்பது இதன் குறை. வாய்ப்புண், கொழுப்பு அளவு உயர்வு, தொற்று போன்ற பக்கவிளைவுகளோடு நீண்ட காலம் குடும்பம் நடத்த வேண்டும்.

உண்மையாகவே புற்றுநோயாகிப் பரவிய பெக்கோமா குடும்பக் கட்டிகளுக்கு, அல்புமின் புரதத்தோடு பிணைத்து நரம்பு வழி ஏற்றும் சிரோலிமஸ் 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 31 பேரை மதிப்பிட்ட ஆய்வில் 39 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. டி.எஸ்.சி.2 பிழை உள்ள 9 பேரில் 8 பேருக்கு வேலை செய்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இதே குடும்பத்தில் சில கட்டிகள் டி.எஃப்.ஈ.3 என்ற வேறு மரபணு மாற்றத்தால் வருகின்றன. அங்கே அறுந்தது அந்த பிரேக் அல்ல. ஆகவே இதே மருந்திலிருந்து அதே பலனை எதிர்பார்ப்பதற்கில்லை. பரவிய நோய்க்கு மருந்து தொடங்கும் முன் மரபணுச் சோதனை கேட்பது இதனால்தான். வழக்கமான கீமோதெரபி இந்தக் கட்டியில் பெரிதாகச் சாதித்ததில்லை. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் பரவியிருந்தால் அறுவை செய்து எடுப்பதும் உண்டு.

கையில் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர் பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான். ஸ்கேன் ரிப்போர்ட் என்றால், கட்டியில் கொழுப்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறதா? தெரிந்தால், கவலை பரவலைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. அளவையும் ரத்தக்குழாய்ப் புடைப்பையும் பற்றிக் கேளுங்கள். பயாப்ஸி அல்லது அறுவைக்குப் பிந்தைய ரிப்போர்ட் என்றால், 'எபிதீலியாய்டு' என்ற சொல் எங்காவது இருக்கிறதா, இருந்தால் எத்தனை சதவீதம், செல்பிரிவு, திசு அழுகல் பற்றி என்ன எழுதியிருக்கிறது? பெண் என்றால், அதிலும் மூச்சு வாங்கும் தொந்தரவு இருந்தால், நுரையீரலையும் சி.டி.யில் பார்த்தார்களா?

பிறகு அந்த மெழுகுத் துண்டு. அறுவையில் எடுத்த திசுவைப் பாரஃபின் மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்னத் துண்டாக ஆய்வுக்கூடத்தில் வைத்திருப்பார்கள். கல்லீரலில் புதிதாக ஒன்று தெரிகிறபோது, ஆண்டுகளுக்கு முன்பு 'ஆன்ஜியோமயோலைப்போமா' என்று மட்டும் எழுதி மூடிவைத்த அந்தத் துண்டைத்தான் மறுபடி வெளியே எடுக்கிறார்கள். மெல்லியதாகச் சீவி, எச்.எம்.பி.-45 ஏற்றி, பருத்த செல்கள் எத்தனை என்று மறுபடி எண்ணுகிறார்கள். சில சமயம் முதல் ரிப்போர்ட்டே சரி, கல்லீரலில் இருப்பது வேறு கட்டி. சில சமயம், பழைய கண்ணாடித் தகட்டின் ஓரத்திலேயே அன்று யாரும் எண்ணிப் பார்க்காத அந்தச் செல்கள் இருந்திருக்கும். ஊர் மாறும்போதும் மருத்துவமனை மாறும்போதும் ஸ்கேன் படங்களை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்தத் துண்டும் தகடும் எங்கே இருக்கின்றன, எந்த எண்ணில் இருக்கின்றன என்பதைக் குறித்து வைத்துக்கொள்வதில்லை.